எண்ணெய் மாறினால் எந்திரமும் இசையவேண்டும்

எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர் பலர். அதன் இயல்பை அறிந்தவர் சிலர். அறிந்ததனைத் தமிழிலே எழுதி வைத்தவர் மிகமிகச் சிலர். இம்மூன்றாம் வகையினர் நம்மிடையே பெருகவேண்டும் என்பதே இக்கட்டுரையால் நாம் வலியுறுத்த விழைவதாகும். விழா மலரொன்றிலே கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைப்பதும் மறைந்த ஆசிரியப் பெருந்தகைகளை நினைவுகூர்வதும் முறையே. அப்பணியினை எம்மினும் வல்லார் இம்மலரிற் செய்வர். தமிழாசிரியராகிய நாம் படகு எஞ்சினைப் பற்றியும் அதற்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றியும் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும், நம் மாணவரிற் பலருடைய இல்லங்களில் அடுப்பெரிவதும், அவர்கள் புத்தகத்தோடு கல்லூரிக்கு வருவதும் அவ்வெஞ்சின் ஓடுவதைப் பொறுத்தனவாதலின், இப்பொருள் கல்லூரி மலருக்குப் புறம்பானதன்று.

மன்னார்த் தீவைச் சூழ்ந்த கடலிலே வள்ளங்களும் வத்தைகளும் பாய்விரித்து ஓடிய காலத்திற் காற்றே எரிபொருளாக இருந்தது. சோழகம் வீசும் காலத்தில் வடகடலும், வாடை வீசும் காலத்தில் தென்கடலுமாகப் பருவமறிந்து தொழில் செய்தனர் நம் முன்னோர். காற்றுத் திசை மாறினாற் பாயின் கோணத்தை மாற்றவேண்டும்; காற்று மிகுந்தாற் பாயைச் சுருக்கவேண்டும். இதனை எவரும் அவர்களுக்கு ஏட்டிலே கற்பிக்கவில்லை. பாயைத் திருத்தாது காற்றை மட்டும் நம்பியவன் கரை சேரான் என்பது அவர்கள் கண்ட உண்மை. அவ்வுண்மை இன்றும் பொய்க்கவில்லை. பாயிருந்த இடத்திலே எஞ்சின் வந்தது. காற்றிருந்த இடத்திலே எண்ணெய் வந்தது. எண்ணெய் மாறினால் எஞ்சினையும் அதற்கேற்பத் திருத்தவேண்டும். இதுவே நாம் கூறவந்த பொருளின் சாரம்.

இன்று பேசாலை, தலைமன்னார், தாழ்வுபாடு, பள்ளிமுனை முதலிய தீவுத் துறைகளிலும், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, விடத்தல்தீவு முதலிய பெருநிலக் கரைகளிலும் கண்ணாடிநார்ப் படகுகளின் பின்புறத்திற் பூட்டியிருக்கும் வெளியிணைப்பு எஞ்சின்களிற் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுவன. ஓடுவன என்றோமேயன்றித் தொடங்குவன என்று கூறவில்லை. தொடங்குதற்குப் பெற்றோல் வேண்டும். பெற்றோல் 30 பாகை அளவிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெயோ 150 பாகைக்கு மேலேதான் நன்கு ஆவியாகும். ஆகவே குளிர்ந்த எஞ்சினைப் பெற்றோலால் எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கரைக்குத் திரும்பி நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிடுவர். காபரேற்றரிலே எஞ்சி நிற்பது பெற்றோலாயிருந்தாற்றான் மறுநாள் அது எளிதிற் கிளம்பும். இதனை மறந்தவன் நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தி வலையை இழுத்தபின், மீண்டும் கிளப்பும் கயிற்றை இழுத்திழுத்துக் கைசோர்வான். படகோ நீரோட்டத்தோடு போகும். 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாதது. அதனைக் கடந்த படகுக்கு நேரும் துன்பமோ ஊரறிந்தது.

தொழிற்சாலையில் மண்ணெண்ணெய்க்கெனவே செய்த எஞ்சினுக்கும் பெற்றோல் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு வெளித்தோற்றத்திற் புலப்படாது, உள்ளேதான் இருக்கின்றது. உருளைக்குள்ளே காற்றும் எண்ணெயாவியும் கலந்த கலவையைப் பிஸ்ரன் நெருக்குகின்றது. எவ்வளவு மிகுதியாக நெருக்குகின்றோமோ அவ்வளவு மிகுதியாக ஆற்றல் பெறலாம். ஆனால் ஒவ்வோர் எண்ணெய்க்கும் பொறுக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லையைத் தாண்டி நெருக்கினால், தீப்பொறி பற்றவைத்த தீ ஒழுங்காகப் பரவுமுன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும். எஞ்சினுள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். பிஸ்ரனின் தலை உருகுவதும் துளைபடுவதும் இத்தட்டலால் நேர்வனவே. இவ்வெல்லையை அளக்கும் அளவுகோல்தான் ஒக்டேன் எண். நம் நாட்டிலே விற்கும் பெற்றோலின் ஒக்டேன் எண் 92 அல்லது 95 ஆகும். மண்ணெண்ணெயின் எண் அதனினும் மிகத் தாழ்ந்தது. ஆதலின் மண்ணெண்ணெய் எஞ்சினிலே நெருக்கலைக் குறைத்தே அமைப்பர். குறைந்த நெருக்கலுக்குக் குறைந்த ஆற்றலே கிட்டும். மலிந்த எண்ணெய்க்காக எஞ்சின் செலுத்தும் வரி அஃதாகும்.

இவ்வுண்மை மிகத் தெளிவாக விளங்குவது ‘சுப்பர்சாஜர்’ எனும் கருவியிலேயாம். தமிழில் இதனை மிகையூட்டி எனலாம். எஞ்சின் தானாக இழுக்கும் காற்றோடு நில்லாது, விசிறி போன்ற பொறியொன்றினால் மேலும் காற்றைத் திணித்து ஊட்டுவது இதன் தொழில். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் உரிமம் பெற்ற காற்றூதியே இன்றும் ஒருவகை மிகையூட்டிக்குப் பெயர் தந்து நிற்கின்றது. அவர்கள் கருதியது மோட்டார் வண்டியையன்று. ஆலைகளுக்கும் உலைகளுக்கும் வேண்டிய காற்றையே. நம் சிறு படகுகளுக்கு இக்கருவியைப் பூட்டும் வழக்கம் இல்லை. எனினும் நம் வீதிகளில் ஓடும் டீசல் பேருந்துகளிலும் லொறிகளிலும் ‘டர்போ’ என்ற பெயரோடு இருப்பது இதன் உடன்பிறப்பே. ஒன்று எஞ்சினின் சுழற்சியாற் சுழல்வது. மற்றது புகையின் வேகத்தாற் சுழல்வது.

பந்தயக் கார்களிலே இம்மிகையூட்டியை மெதனோல் என்னும் மதுசாரத்தோடு சேர்த்து ஓட்டுவர். அத்தகைய எஞ்சினை ஒருவர் பெற்றோலில் ஓட்ட விரும்பினால் என்ன செய்யவேண்டும்? தாங்கியைக் கழுவிப் பெற்றோலை ஊற்றினாற் போதும் என்று நினைப்பவர் எஞ்சினை இழப்பார். ஒரு பங்கு மெதனோல் எரிவதற்கு ஏறக்குறைய ஆறரைப் பங்கு காற்றுப் போதும். ஒரு பங்கு பெற்றோலுக்கோ ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எனவே அதே காற்றுக்கு மெதனோல் பெற்றோலைப்போல் இருமடங்குக்கு மேல் வேண்டும். மெதனோலுக்கென அகலமாகத் துளையிட்ட ஜெற்றின் வழியே பெற்றோல் பாய்ந்தால் எஞ்சின் மூச்சுத்திணறும், பிளக் நனையும், உருளைச் சுவரிற் படிந்த மசகெண்ணெய் கழுவுண்டு போகும். ஜெற்றையும் பம்பையும் சிறிதாக்கிவிட்டால் அக்குறை நீங்கும். ஆனால் அப்போதுதான் பெரிய குறை வெளிப்படும்.

காற்றை நெருக்கினாற் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்த சிறுவனும் பம்பின் அடி சுடுவதை அறிவான். நம் கடற்கரைக் காற்றை இருமடங்கு அழுத்தத்திற்கு நெருக்கினால் அதன் வெப்பம் கொதிநீரின் வெப்பத்தை எட்டும். பொறியின் குறைபாடுகளையும் சேர்த்தால் அதனைக் கடக்கும். மெதனோல் ஆவியாகும்போது அவ்வெப்பத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரே அளவு காற்றோடு கலக்கும் மெதனோல், பெற்றோலைக் காட்டிலும் ஏறக்குறைய ஏழு மடங்கு வெப்பத்தை இவ்வாறு விழுங்குகின்றது. அஃதாவது, மெதனோல் எரிபொருளாக மட்டுமன்றிக் குளிரூட்டியாகவும் பணிசெய்தது. பெற்றோலுக்கு மாறும்பொழுது எரிபொருள் வந்துசேர்கின்றது, குளிரூட்டி போய்விடுகின்றது. ஆகவே மிகையூட்டியைச் சுழற்றும் கப்பியை மாற்றி அதன் வேகத்தைக் குறைக்கவேண்டும். நெருக்கல் விகிதத்தைத் தாழ்த்தவேண்டும். தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்தச் செய்யவேண்டும். இயலுமாயின் மிகையூட்டிக்கும் உருளைக்கும் இடையே குளிரூட்டியொன்றைப் பொருத்தவேண்டும். 1942இற் போருக்கு வந்த மெர்லின் விமான எஞ்சினின் ஈரடுக்கு மிகையூட்டிக்கு அத்தகைய இடைக்குளிரூட்டி வேண்டியிருந்தது. இவையன்றி இரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் மாற்றவேண்டும். மெதனோலைத் தாங்கும் இரப்பர்களுட் சில பெற்றோலில் ஊறிப் பருத்துவிடும்.

இது வெறும் ஏட்டுச்சுரைக்காய் அன்று. 1951இல் அல்பா றோமியோ நிறுவனத்தின் 159 என்னும் பந்தயக் கார், ஒன்றரை லீற்றர் எஞ்சினுக்கு ஈரடுக்கு மிகையூட்டி பூட்டி, மதுசாரக் கலவையிற் பறந்தது. எஞ்சினைக் குளிர்விக்கவே அளவுக்கு மிஞ்சி எரிபொருளை ஊட்டியதால் ஒரு கலனுக்கு ஒன்றரை மைல் அளவே அது ஓடியது. அவ்வாண்டு யூலை 14ஆந் திகதி சில்வர்ஸ்ரோன் திடலிலே மிகையூட்டி இல்லாத பெராரி கார் அதனை வென்றது. வெற்றிக்குரிய காரணங்களுள், எரிபொருள் நிரப்ப இடையிடையே நிற்கவேண்டிய தேவை பெராரிக்குக் குறைவாயிருந்தமையும் ஒன்று. பின்னர் 1958இல் மதுசாரத்தை விலக்கி, விமானப் பெற்றோலையே பயன்படுத்தவேண்டும் என்று பந்தய விதி மாறியது. ஆங்கிலேயரின் வான்வோல் குழுவினர் மதுசாரத்திற்கென அமைத்த தம் எஞ்சினைப் பெற்றோலுக்கு இசையத் திருத்தினர். எஞ்சினின் ஆற்றல் குறைந்தது. ஆயினும் பொறுமையோடு திருத்தியவர்கள் அவ்வாண்டின் தயாரிப்பாளர் வெற்றிப் பட்டத்தைப் பெற்றனர். எண்ணெய் மாறியபோது எந்திரத்தை இசைவித்தவர் வென்றனர் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இனி நம் கரைக்கு மீள்வோம். 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டதன்பின், வடபுலத்திற் போராளிகளின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மன்னாரின் பெருநிலப் பகுதியும் அத்துன்பத்தை நெடுங்காலம் நுகர்ந்தது. பெற்றோல் கிட்டாப் பொருளாயிற்று. அப்போது நம்மவர் மோட்டார்ச் சைக்கிள்களையும், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் மண்ணெண்ணெயிலே ஓட்டினர். காபரேற்றருக்குட் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயை ஓடவிட்டனர். அத்துளிகளைச் சிறு போத்தலில் அடைத்து மருந்துபோற் காத்தனர். நோயாளரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றதும் பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கொண்டு சேர்த்ததும் அவ்வண்டிகளே. அந்நாளைய கராஜ் தொழிலாளரின் கைத்திறனை எத்துணைப் புகழ்ந்தாலுந் தகும்.

ஆனால் அப்புகழ்ச்சியோடு நாம் நின்றுவிட்டோம் என்பதே எமது முறைப்பாடு. மேடைகளிலே அக்காலத்தைப் பற்றிப் பேசும்பொழுது, ‘மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிய இனம்’ என்று மார்தட்டிக்கொள்கின்றோம். அவ்வாறு ஓடிய எஞ்சின்களுக்கு என்ன நேர்ந்தது என்று எவரேனும் எழுதினரா? எரியாத மண்ணெண்ணெய் அடியிற் கசிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும், உருளைகள் தேயும், பிளக் கரியடையும், பெற்றோலுக்கென அமைந்த நெருக்கல் மண்ணெண்ணெய்க்கு மிகையாதலிற் சுமையேற்றத்திலே தட்டொலி எழும். சில தொழிலாளர் தம் அறிவால் இவற்றுக்குப் பரிகாரம் கண்டனர். தலைக்கும் உருளைக்கும் இடையிலுள்ள கஸ்கெற்றைத் தடிப்பாக்கி நெருக்கலைக் குறைப்பதும், தீப்பொறி நேரத்தைத் திருத்துவதும், மசகெண்ணெயை அடிக்கடி மாற்றுவதும் உலகெங்கும் இத்தொழில் அறிந்தோர் கையாளும் வழிகள். அறியாதவர் எஞ்சினைப் பாழாக்கினர். அறிந்தவரிற் பலர் இன்று முதியர், சிலர் கடல்கடந்து சென்றனர், சிலர் மறைந்தனர். அவர் கற்ற பாடம் அவரோடு போயிற்று. எழுத்திலே நில்லாத திறமை ஒரு தலைமுறைக்கே உதவும்.

மீண்டும் அத்தகைய நிலை வாராது என்று இருந்தோம். 2022இல் வந்தது. யூன் மாத இறுதி தொடக்கம் இரு வாரங்கள் இன்றியமையாச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. கரைகளிலே படகுகள் மணலேறின. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. மண்ணெண்ணெய் மலிவு என்பதனாலேயே ஆற்றல் குறைந்த எஞ்சினை நம் மீனவர் ஏற்றுக்கொண்டனர். அம்மலிவு நீங்கியபோது, எந்த எண்ணெயை எவ்வளவு கலக்கலாம், கலந்தால் எஞ்சினுக்கு என்ன நேரும் என்று கேட்டறியத் தமிழிலே ஒரு சிறு கைந்நூல்தானும் அவர் கையில் இருக்கவில்லை. 1990இற் கற்றதை எழுதி வைத்திருந்தோமாயின் 2022இல் அது வழிகாட்டியிருக்கும்.

வருங்காலமும் மாறாதிருக்கப் போவதில்லை. பாக்குநீரிணைக்கு அக்கரையில், இந்தியாவிலே, பெற்றோலில் 20 விழுக்காடு எதனோலைக் கலக்கும் இலக்கினை 2025இல் எய்தினர். எதனோலும் மதுசாரமே, நீரைத் தன்பால் ஈர்ப்பது. கடற்காற்றிலே நெடுநாள் நிற்கும் தாங்கியில் அது ஈரத்தை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் நீரும் எதனோலும் பெற்றோலிலிருந்து பிரிந்து அடியிலே தங்கும். எஞ்சின் முதலில் இழுப்பது அவ்வடித்தண்ணீரையே. பழைய இரப்பர்களுக்கும் அது ஆகாது. நாளை நம் நாட்டிற்கும் அத்தகைய எண்ணெய் வருமாயின், மன்னார் மீனவன் மீண்டும் தன் எஞ்சினைப் பலியிட்டுத்தான் பாடம் கற்கவேண்டுமா?

எம் கருத்துக்கு மூன்று தடைகள் கூறப்படலாம். தொழிலாளிக்கு நூல் வேண்டாம், கையே அவன் நூல் என்பர் ஒருசாரார். கை அறிந்ததை மற்றொரு கைக்குக் கொடுக்க நெடுங்காலம் செல்லும். காரணம் அறிந்தவனோ புதிய எண்ணெய் வந்தவிடத்தும் தானே சிந்தித்து வழி காண்பான். ஆங்கில நூல்கள் உளவே என்பர் வேறொருசாரார். உள, ஆனால் கயிற்றை இழுத்துக் கைசோர்ந்தவன் அவற்றைப் படிக்க இயலாது. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றையும் மருத்துவத்தையும் தமிழிலே மொழிபெயர்த்துக் கற்பித்தார். மனித உடலைத் தமிழில் விளக்கலாமெனின், ஒரு காபரேற்றரை விளக்கலாகாதா? மூன்றாஞ்சாரார், தக்க கலைச்சொற்கள் இல்லை என்பர். சொற்களுக்குக் குறைவில்லை, மிகுதியே தொல்லையாகின்றது. பாடநூல் ‘முசலம்’ என்கின்றது. கராஜ் ‘பிஸ்ரன்’ என்கின்றது. மாணவன் பரீட்சைக்கு ஒன்றையும் வாழ்க்கைக்கு மற்றதையும் கற்று, இரண்டும் ஒன்றே என்பதை அறியாது வெளியேறுகின்றான். தமிழாசிரியராகிய நாம் துணிந்து சொல்வோம்: இத்தகைய கைந்நூலிலே தொழிலாளி வழங்கும் சொல்லே முன்னிற்க வேண்டும், பாடநூற் சொல் அதன் பக்கத்திலே நிற்கட்டும். ‘பெற்றோல்’ என்று எழுதுவதால் தமிழ் கெட்டுவிடாது. எழுதாமலே விடுவதாற்றான் அது கெடும்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. விழாவின் நினைவாக வளைவு அமைக்கலாம் என்றும், கல்வெட்டுப் பதிக்கலாம் என்றும் அன்பர்கள் பேசக் கேட்டோம். வளைவு வேண்டாம் என்று கூறோம். அதற்காகும் செலவிற் சிறு பங்கினைக்கொண்டு நாற்பது பக்கக் கைந்நூலொன்றை வெளியிடுங்கள். நம் கரையோரத்துக் கராஜ் தொழிலாளரையும் மூத்த மீனவரையும் அழைத்து இருத்திக் கேளுங்கள். அவர்களே அதன் ஆசிரியர்கள். விஞ்ஞான ஆசிரியர் அதனைச் சரிபார்க்கட்டும். தமிழாசிரியர் நடையைத் திருத்தட்டும். ஒவ்வோர் எண்ணெயின் இயல்பும், அதற்கேற்ற நெருக்கலும், எண்ணெய் மாறும்போது திருத்தவேண்டிய உறுப்புகளும், எஞ்சின் தரும் அபாய அறிகுறிகளும், கடலில் எஞ்சின் நின்றால் முதலிற் செய்யவேண்டியனவும் அதில் இடம்பெறட்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொன்றிற்கும் அது செல்லட்டும். இதனோடு, பழுதுபட்ட எஞ்சினொன்றை நெடுக வெட்டி உள்ளுறுப்புகள் தெரியும்படி விஞ்ஞானகூடத்தில் வைத்தால், பக்கம் பக்கமாகப் படித்தும் விளங்காதது மாணவர்க்கு ஒரு பார்வையில் விளங்கும். தந்தையின் படகிலே மண்ணெண்ணெய் நாற்றத்தோடு வளர்ந்த பிள்ளை, தன் வீட்டுத் தொழிலும் விஞ்ஞானமே என்று அன்று அறிவான். அவனுக்கு அதனாலுண்டாகும் பெருமிதம் அவனை நூலகத்திற்கும் இட்டுச்செல்லும்.

மாந்தைத் துறையிலே தூரதேசத்துக் கலங்கள் வந்து தங்கிய பண்டைநாளில், காற்றின் குணமறிந்து கலஞ்செலுத்தியோர் இக்கரையை அறிந்திருந்தனர். அவர்களுடைய மாலுமி நூல்கள் நம் கைக்கு வந்தில. இன்றைய எண்ணெயின் குணமறிந்து எஞ்சினைத் திருத்துவோரின் அறிவாவது எழுத்தில் நிற்கட்டும். அடுத்த தட்டுப்பாடு நம்மிடம் நாட்குறித்துச் சொல்லி வாராது. அது வருமுன் அச்சேறவேண்டியது அந்நாற்பது பக்கமே.